பெயர் துறத்தலும் பெயர் மறுக்கப்படுதலும்: ஸென் சிந்தனையும் மன்னார்க் கலைமரபும்

1

தன் செயலுக்குப் பிறரது அங்கீகாரத்தை வேண்டி நிற்றல் மனித இயல்பு எனவும், அவ்வேட்கையை விட்டொழித்தல் உயர்ந்தோர் பண்பு எனவும் சமயங்கள் பலவும் கூறி வந்துள்ளன. ஸென் பௌத்தம் இதனை ஓர் அறவுரையாக மட்டுமன்றி, நாள்தோறும் பயில வேண்டிய பயிற்சியாகவும் கொண்டது. அமர்ந்திருத்தல், முற்றம் கூட்டுதல், அரிசி களைதல் ஆகிய எல்லாவற்றையும் 'நான் செய்கிறேன்' என்னும் உட்குரல் இன்றிச் செய்தலே அப்பயிற்சியின் சாரம் எனலாம். தமிழிலும் இச்சிந்தனைக்கு வாசகர் உளர். நாட்டார் கலைகளைப் பற்றிப் பேசுவோரிடத்தும் இதன் சாயல் காணப்படுகின்றது. 'பெயர் வேண்டாத கலைஞர்', 'தன்னை மறந்த மக்கட் கலை' போன்ற தொடர்கள் பதிப்பு முன்னுரைகளிலும் விழா மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன.

இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா எளியது. பெயரைத் துறந்தவரும் பெயர் மறுக்கப்பட்டவரும் வெளிப்பார்வைக்கு ஒரே தோற்றம் உடையவர். இருவரின் பெயரும் ஏட்டில் இல்லை. ஆயின் இருவரும் ஒருவரல்லர். ஒருவர் தம்மிடம் இருந்ததை விட்டவர்; மற்றவர் தமக்கு உரியதைப் பெறாதவர். இவ்விருவரையும் ஒருவராக்கிப் பாராட்டும் திறனாய்வு எத்தகையது? அதனால் பயன் பெறுவோர் யாவர்? இவ்வினாக்களை மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையையும் களமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஸென் பௌத்தத்தையும் மன்னாரையும் சேர்த்து நோக்குதல் வலிந்து செய்யும் ஒப்பீடாகத் தோன்றலாம். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. 1544இல் மன்னாரில் கிறித்தவம் பரவுதற்குக் காரணராயிருந்த புனித பிரான்சிஸ் சவேரியாரே 1549இல் யப்பானின் ககோசிமா நகரில் இறங்கி, அங்கிருந்த ஸென் மடம் ஒன்றின் தலைவரான நின்சிற்சு என்பவருடன் நட்புக் கொண்டார். மண்டபத்தில் அசைவின்றி அமர்ந்திருந்த துறவியரைச் சுட்டி, இவர்கள் என்ன செய்கின்றனர் எனச் சவேரியார் வினவினாராம். சிலர் கடந்த மாதங்களில் அடியாரிடமிருந்து வந்த வருவாயைக் கணக்கிடுகின்றனர், சிலர் இன்னும் நல்ல உடையும் உபசாரமும் எங்கே கிடைக்கும் என எண்ணுகின்றனர், வேறு சிலர் பொழுதுபோக்கை நினைந்திருக்கின்றனர் என்று மடத்தலைவர் நகைத்துக் கூறியதாக இயேசு சபையாரின் குறிப்புகள் தெரிவிக்கின்றன.

இந்நகைப்பில் ஒரு திறனாய்வுக் கோட்பாடு அடங்கியுள்ளது. மௌனமாக இருப்பவரெல்லாம் விட்டவர் அல்லர். வெளித்தோற்றத்தைக் கொண்டு துறவை அளத்தல் இயலாது. ஸென் மடத்தின் தலைவரே தம் மாணவரைப் பற்றி இவ்வாறு கூறினாரெனின், பெயரற்ற ஏடொன்றைக் கண்டவுடன் 'புகழ் வேண்டாப் புலவன்' என்று முடிவு கட்டும் உரிமை எமக்கு எங்ஙனம் வந்தது?

2

தமிழ் மரபு புகழை வெறுத்த மரபன்று. திருக்குறள் புகழுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. புறத்திணையின் அடிப்படைகளுள் ஒன்று பெயர் நிலைத்தல். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அதிலே அவன் பெயரையும் பீடையும் பொறித்த சமுதாயம் அது. அதே சமுதாயம் அகத்திணையில் நேர் எதிரான விதியொன்றை வகுத்தது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. புறத்திலே பெயர் வேண்டும். அகத்திலே பெயர் கூடாது. பெயர் கூறுதலும் கூறாமையும் தனிமனித மனப்பான்மை சார்ந்தவை அல்ல, இலக்கிய வகையும் சமூகத் தேவையும் சார்ந்தவை என்பதை இது உணர்த்துகின்றது.

சங்கத் தொகைகளிலே பெயர் அறியப்படாத புலவர் சிலருக்கு அவர்தம் பாட்டில் வந்த தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் இவ்வாறு அமைந்தவை. படைத்தவரைப் படைப்பு விழுங்கிவிட்டது என்று இதனை வியப்பதுண்டு. வியப்பிற்குரியதே. எனினும் வேறொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். தொகுத்தோர் அப்புலவரைப் பெயரற்றவராக விட்டுவிடவில்லை. பெயர் கிடையாதவிடத்தும், அவர் பாட்டிலிருந்தே ஒரு பெயரை ஆக்கி, ஏனைய புலவரோடு ஒரே வரிசையில் வைத்தனர். இது தொகுப்பாளரின் அறம். பின்வந்த தொகுப்பாளர் இவ்வறத்தை எவ்வளவு தூரம் காத்தனர் என்பது கேட்கத்தக்கது.

மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தின்மீது சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடினர். இறைவன்முன் தம்மை முற்றாக ஒடுக்கிக் கொண்டோர் இவர்கள். ஆயினும் பதிகத்தின் இறுதிப் பாட்டிலே தம் பெயரைப் பதித்தே சென்றனர். தன்னை ஒடுக்குதலும் பெயர் பொறித்தலும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை. மன்னார்க் கரையின் மிகப் பழைய தமிழ்ப் பாடல்கள் எனத்தக்க இவை பாடியவர் பெயரோடு எமக்குக் கிடைத்துள்ளன. அக்கரையிலே மீன்பிடித்தோரும் வயல் உழுதோரும் பாடியவை பெயரின்றிக் கிடைத்துள்ளன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், முன்னவருக்குப் புகழாசை இருந்தது, பின்னவருக்கு அது இல்லை என்பதா? அவ்வாறு எவரும் கூறார். கோயிலும் ஓதுவாரும் ஏடும் அரசும் முன்னவரின் பெயரைக் காத்தன. பின்னவருக்கு அவ்வாறான காவல் எதுவும் வாய்க்கவில்லை.

3

இனி ஸென் மரபு தன்னைப்பற்றிக் கூறும் கதைகளைச் சற்று நெருங்கி நோக்குவோம். போதிதர்மர் லியாங் நாட்டு வேந்தன் வூவைச் சந்தித்த கதை பரவலாக அறியப்பட்டது. தான் கட்டிய மடங்களுக்கும் படியெடுப்பித்த நூல்களுக்கும் எவ்வளவு புண்ணியம் சேரும் என வேந்தன் கேட்க, எதுவும் இல்லை என்றார் போதிதர்மர். எதிரில் நிற்பவர் யார் என வேந்தன் வினவ, தமக்குத் தெரியாது என்றார். இக்கதை போதிதர்மர் காலத்துக்குப் பின் எழுந்தது என்பது ஆய்வாளர் முடிபு. கதையாயினும் அதன் அமைப்பு கவனத்திற்குரியது. அங்கீகாரத்தை விடும்படி இங்கு அறிவுறுத்தப்படுபவன் ஏழை அல்லன், வேந்தன். கொடையைக் கணக்கிட்டுப் பெயர் தேடிய அதிகாரமே மறுக்கப்படுகின்றது.

இப்போதிதர்மரைத் தமிழர் தமக்குரியவராகக் கொண்டாடும் விதம் நகைமுரண் உடையது. அவர் தென்னிந்தியர் எனக் கூறும் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகத்தார் எனக் கூறும் குறிப்பும் உண்டு. காஞ்சிப் பல்லவ இளவரசர் என்னும் கதை பிற்காலத்தில் வலுப்பெற்று, 2011இல் வெளியான 'ஏழாம் அறிவு' திரைப்படத்தின் வாயிலாகப் பொதுமக்களிடையே பரவியது. தாம் யாரெனத் தெரியாது என்று வேந்தனிடம் கூறியதாகக் கதை சொல்லப்படும் ஒருவர், இன்று ஓர் இனத்தின் அங்கீகாரத் தேவையை நிறைவு செய்யும் இளவரசராகிவிட்டார். அடக்கப்பட்ட இனமொன்று தன் பெருமையை வரலாற்றிலே தேடுதல் விளங்கிக் கொள்ளத்தக்கதே. ஆயின் அத்தேடல் இளவரசரைத் தேடிச் செல்லும் வேகத்தில் முக்குளிப்பவனையும் கூத்தனையும் தேடிச் செல்வதில்லை என்பதைக் குறிப்பிடாதிருக்க முடியாது.

எமது நோக்கிற்கு இதனினும் முக்கியமானது ஆறாம் குரவர் எனப்படும் குயினெங்கின் கதை. மேடைச் சூத்திரம் என வழங்கும் நூல் இதனைக் கூறுகின்றது. குயினெங் விறகு விற்றுப் பிழைத்தவர், எழுத்தறியாதவர், நாகரிகமற்ற தெற்கிலிருந்து வந்தவர் என இகழப்பட்டவர். மடத்திலே அவருக்கு அளிக்கப்பட்ட வேலை நெல் குற்றுதல். தம் ஞானத்தை ஒரு பாட்டில் வெளியிடுமாறு ஐந்தாம் குரவர் மாணவரைக் கேட்டபோது, கற்றோரில் முதல்வரான சென்சியு பெரிதும் தயங்கினார். பட்டத்திற்காக எழுதுதல் தகாது, எழுதாதுவிடின் தம் தகுதி அறியப்படாது. இரண்டுக்கும் நடுவே அவர் கண்ட வழி, நள்ளிரவில் பெயரிடாமல் சுவரில் எழுதி வைப்பது. குரவர் மெச்சினால் தமது என உரிமை கொள்ளலாம், மெச்சாவிடின் மௌனமாக இருந்துவிடலாம். பெயரிடாமையே அங்கீகாரம் தேடும் உத்தியாகவும் ஆகலாம் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் கதை அரிது.

குயினெங்கின் நிலை வேறு. தம் பாட்டை எழுதுவதற்கே அவர் இன்னொருவர் கையை நாட வேண்டியிருந்தது. அவரது தகுதியை உணர்ந்த குரவர் இரவிலே மறைவாக அழைத்து மேலாடையை அளித்து, உயிருக்கு ஆபத்து உண்டெனக் கூறித் தெற்கே அனுப்பினார். உழைப்பாளி ஒருவனுக்கு உரிய அங்கீகாரம் பகலிலே வழங்கப்பட முடியாத நிலை அம்மடத்தில் நிலவியது என்பதே கதையின் உட்பொருள். ஸென் மரபின் தலையாய நூல் அங்கீகாரத்தை வேண்டாம் எனச் சொல்லவில்லை. அது யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கின்றது.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. குயினெங்கை ஆறாம் குரவராக நிலைநாட்டியவர் அவர் மாணவர் சென்குயி. 732இல் நடந்த பொதுவிவாதமொன்றில் வடபிரிவினரைத் தாக்கித் தென்பிரிவே உண்மை மரபு என்று வாதிட்டவர் அவர். 20ஆம் நூற்றாண்டில் துன்குவாங் ஏடுகளை ஆராய்ந்த சீன அறிஞர் கூ சி, இம்மரபுவழிக் கதையின் உருவாக்கத்தில் சென்குயிக்கு இருந்த பங்கை வெளிப்படுத்தினார். பெயரைப் பற்றாத ஒருவரின் கதை, ஒரு பிரிவு தன் பெயரை நிறுவிக்கொள்ளப் பயன்பட்டது. குருவிலிருந்து மாணவருக்குச் செல்லும் பெயர் வரிசையை ஸென் மடங்கள் மிகக் கவனமாகப் பேணின. தகுதிச் சான்றும் வழங்கின. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இக்கியு என்னும் யப்பானியத் துறவி தமக்குரிய சான்றை அழித்ததாகக் கூறுவர். சான்று இருந்தமையாலேயே அவரால் அழிக்க முடிந்தது.

தமிழகத்தில் கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் 1996இல் போதி ஸென்டோ என்னும் பயிற்சி நிலையத்தை அமைத்த இயேசு சபைத் துறவி ஆமா சாமியின் வாழ்விலும் இதனைக் காணலாம். யப்பானின் கமக்குராவில் யமதா கோவுனிடம் பயின்று ஆசிரியராகும் அனுமதியைப் பெற்ற அவர், பின்னர் அவ்வமைப்பிலிருந்து பிரிந்து தனிச் சங்கமாக இயங்கத் தொடங்கினார். அங்கீகாரத்தைப் பெற்றவர் அதனை விட்டுச் செல்லலாம். அதற்கு ஒரு பொருள் உண்டு. எவரும் தராத ஒன்றை ஒருவர் எவ்வாறு விடுவார்?

4

மன்னார்க் கலைமரபில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கம் வேரூன்றிய இக்கரையிலே, புனிதர் வரலாறுகளையும் விவிலியக் கதைகளையும் பொருளாகக் கொண்டு நாடகங்களும் வாசகப்பாக்களும் எழுந்தன. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு ஆடல்மரபுகள் இங்கு வழங்கின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' ஆகியவற்றைப் பதிப்பித்தார். மன்னார் நாட்டுப் பாடல்களும் அவராலே தொகுக்கப்பட்டன. ஏட்டிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் மட்டும் இருந்தவற்றைப் பல்கலைக்கழகத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்த அப்பணியின் பெறுமதியை எவரும் குறைத்து மதிப்பிடல் இயலாது.

கூத்தின் உள்ளமைப்பிலே தன்முனைப்பை ஒடுக்கும் கூறுகள் உள்ளன என்பது உண்மை. வரவுப்பாட்டிலே ஒலிப்பது பாத்திரத்தின் பெயர், ஆடுபவனின் பெயரன்று. கட்டியகாரன் அரசனின் வருகையை அறிவிக்கின்றான். அரசனாக வரும் கடற்றொழிலாளியை அறிவிப்பதில்லை. கோயில் திருவிழாவோடு இணைந்து, பலரிடத்தும் நேர்த்தியாகக் கொள்ளப்பட்ட ஆட்டம் அது. மாதக்கணக்கான இரவுகள் ஒத்திகை பார்த்து, ஓரிரு இரவுகளில் ஆடி முடித்து, மறுநாள் வலை இழுக்கச் செல்பவன், ஸென் பயிற்சியாளன் நாடும் நிலைக்கு அண்மையில் நிற்கின்றான் என ஒருவர் கூறின் நாம் மறுக்கமாட்டோம். பிற்பாட்டுக்காரரின் பணி இன்னும் நுட்பமானது. முன்னவர் பாடியதை ஏந்தித் திருப்பிப் பாடி, அவர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்பி, தம் குரல் தனித்துத் தெரியாதவாறு நிற்றல் அவர் கலை.

ஆயினும் இதே கூத்து அங்கீகாரத்திற்கும் தெளிவான இடம் வகுத்திருந்தது. அரங்கேற்றம் என்பதே ஊரறிய ஏற்றுக்கொள்ளும் சடங்கு. அண்ணாவியாருக்குரிய மரியாதை ஊரிலே வழங்கப்பட்டது. எந்த வேடம் எவருக்கு என்பது ஊரிலே கருத்தோடு பேசப்பட்ட விடயம். நன்றாக ஆடியவனின் பெயர் அவ்வேடத்தோடு சேர்ந்து தலைமுறைக்கு நிலைத்தது. ஊருக்குள்ளே அவன் பெயரற்றவன் அல்லன். ஊருக்கு வெளியே, அச்சுக்கும் நூலகத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் வந்தபோதே அவன் பெயரற்றவனாயினான்.

ஏடுகள் கைமாறிப் படியெடுக்கப்பட்டபோது அண்ணாவிமார் சேர்த்தும் குறைத்தும் ஆட்டத்திற்கேற்ப மாற்றியும் வந்தனர். ஆகவே ஒரே ஆசிரியர் எனச் சுட்டுதல் பல இடங்களில் கடினமே. ஆனால் 'பலர் ஆக்கியது' என்பது வேறு, 'எவரும் ஆக்காதது' என்பது வேறு. மக்கட் கலை கூட்டுப் படைப்பு என்னும் கருத்து முற்போக்குத் திறனாய்வு எமக்குத் தந்த பெறுமதி வாய்ந்த கருத்து. அக்கூட்டிலே நின்ற தனி மனிதரை மறைக்கும் திரையாக அது ஆகுமிடத்து, அதன் முற்போக்குத் தன்மையை அது இழந்துவிடுகின்றது.

5

கலையிலிருந்து உழைப்புக்கு வரின் இவ்வுண்மை மேலும் வெளிப்படையாகும். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் உலகறிந்தது. அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளிலே சலாபக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. குடியேற்ற அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே முக்குளித்தோருக்கு உரியதாயிற்று. காலிலே கல்லைக் கட்டிய கயிற்றோடு மூச்சடக்கி இறங்கியவன், மேலே படகில் நின்று கயிற்றைப் பிடித்தவன், சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதிய கடற்கட்டி ஆகியோரைப் பற்றிய வருணனைகள் ஐரோப்பியர் எழுத்துகளில் நிறைய உண்டு. தொழில் முறை பதிவாகியுள்ளது. சிப்பியின் எண்ணிக்கை பதிவாகியுள்ளது. ஏலத் தொகை பதிவாகியுள்ளது. இறங்கியவன் பெயரை மட்டும் அங்கே தேடிக் காணுதல் அரிது.

தலைவர்களின் பெயர்கள் நிலைத்தன. சலாபத்தை மேற்பார்வையிடவென அரிப்பிலே மாளிகை கட்டிய ஆள்பதி பிரெடெரிக் நோர்த்தின் பெயர் அவ்விடிபாட்டோடு இன்றும் வழங்குகின்றது. சிப்பிப் படுகைகளை ஆராய்ந்து பெருந்தொகுதிகளாக அறிக்கை வெளியிட்ட ஏர்ட்மனின் பெயர் விஞ்ஞான உலகில் நின்றது. 1863இல் பாரிசில் பிசேயின் 'முத்துக் குளிப்போர்' இசைநாடகம் இலங்கையைக் களமாகக் கொண்டு அரங்கேறியது. நதீர், சுர்கா, லெயிலா என அதன் மாந்தர்க்குப் பெயர்கள் உண்டு. அவை இக்கரையிலே எவரும் வைத்துக்கொள்ளாத பெயர்கள். முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாகத் திட்டமிடப்பட்ட கதை பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டது என்பர். முக்குளிப்பவன் எந்தக் கரையைச் சேர்ந்தவனாயினும் பாரிசுக்கு வேறுபாடு இல்லை.

இம்முக்குளிப்போரை நோக்கி, அங்கீகார வேட்கையை விட்டொழியுங்கள் என எவரேனும் போதிப்பின் அது ஞானமாகாது. அவர்களின் பெயரின்மை பயிற்சியின் விளைவன்று. உற்பத்தி உறவின் விளைவு. வேந்தன் வூவிடம் கூற வேண்டியதைக் கயிற்றின் நுனியில் மூச்சடக்கி நிற்பவனிடம் கூறுதல், சொல் ஒன்றாயினும் பொருள் தலைகீழாதல் ஆகும்.

இவ்வாபத்து கற்பனையன்று. யப்பானின் ஸென் நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, தன்னை அழித்தல், நான் என்பதை விடுதல் ஆகிய கருத்துகளைப் பேரரசனுக்காகச் சாகும் போர்வீரனின் அறமாகப் போதித்தன. இதனை ஸென் துறவியான பிரையன் விக்ரோரியா 1997இல் வெளியான தம் நூலிலே விரிவாக எடுத்துக்காட்டினார். சோத்தோ பிரிவு 1992இலும், இரின்சாய் பிரிவின் மியோசின்சி கிளை 2001இலும் போர்க்கால நடத்தைக்கு மன்னிப்புக் கோரின. நான் என்பதை விடும்படி கட்டளையிடுபவன் தன் நானை விடாதபோது, துறவு என்பது கீழ்ப்படிதலுக்கு மறுபெயராகிவிடுகின்றது. மரபு தன்னையே விசாரித்து இதனை ஏற்றுக்கொண்டமை அம்மரபின் நேர்மைக்குச் சான்று.

6

மன்னாரிலே பெயர் என்பது வெறும் இலக்கியச் சிக்கல் அன்று. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் இத்தீவிலே கொல்லப்பட்ட கிறித்தவர் ஏறத்தாழ 600 பேர் எனக் கூறுவர். மன்னார் மக்கள் அவர்களை வேதசாட்சிகளாகப் போற்றுகின்றனர். எண்ணிக்கை நிலைத்தது; பெயர்கள் நிலைக்கவில்லை. ஐந்து நூற்றாண்டுகள் அண்மித்த பின்னும் இக்கரை அதே இடத்தில் நிற்கின்றது. 1990இல் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களோடு அவர்தம் பாடல்களும் வாய்மொழி நினைவுகளும் புத்தளம் முதலிய இடங்களுக்குச் சிதறின. கத்தோலிக்க, சைவக் கிராமங்களும் போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன.

2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் 1,46,679 பேரின் நிலை யாதாயிற்று எனக் கேட்டார். அரச அலுவலகங்களின் குடித்தொகைக் கணக்கிலிருந்தே அவர் அவ்வெண்ணைப் பெற்றார். 2021இல் அவர் மறையும் வரை அவ்வினா விடையின்றி நின்றது. 2018இல் மன்னார் நகரில் கட்டட வேலைக்கு நிலம் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டு, 300க்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2019இல் வந்த காபன் காலக்கணிப்பு, ஆய்வுக்குட்பட்ட மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரியன என்றது. காணாமற்போனோரின் உறவினர் தரப்பு மேலும் ஆய்வுகள் வேண்டுமெனக் கேட்டது. எக்காலத்தவராயினும் அவர்கள் பெயரற்றவராகவே எடுக்கப்பட்டனர்.

காணாமற்போன மகனின் படத்தையும் பெயரையும் ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய் அங்கீகாரம் கேட்கின்றாள். அவள் கேட்பது புகழன்று. இப்பெயருடைய ஒருவன் இருந்தான் என்பதை அரசு ஏற்க வேண்டும் என்கிறாள். அங்கீகாரம் என்னும் ஒரு சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் கலந்துள்ளமையை இங்கு தெளிவாகக் காண்கின்றோம். ஒன்று, பிறர் கண்ணில் உயர்ந்து நிற்கும் வேட்கை. மற்றொன்று, இருந்தமை ஏற்கப்படும் உரிமை. முன்னதை விடுதல் பயிற்சி. பின்னதை விடச் சொல்லுதல் அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறியாத ஆன்மிகமும் திறனாய்வும் எத்துணை அழகிய மொழியில் பேசினும் பயனற்றவை.

7

இவ்வேறுபாடு எமது ஆய்வுலகத்தை நோக்கித் திரும்ப வேண்டியது. நாட்டார் வழக்காற்று ஆய்வுகளிலே பாடியவர் 'தகவலாளி' ஆகின்றார். தொகுத்தவர் 'ஆசிரியர்' ஆகின்றார். முன்னவரின் பெயர் பின்னிணைப்பிலே சிற்றெழுத்தில் வரலாம், வராமலும் போகலாம். பின்னவரின் பெயர் அட்டையிலே வருகின்றது. பட்டமும் பதவியுயர்வும் அதனைத் தொடர்கின்றன. இந்நிலையிலே முன்னுரை எழுதும் அறிஞர், இக்கலைஞர்கள் புகழை வேண்டாதவர்கள் என நெகிழ்ந்து எழுதுவார். வேண்டாதவர் என்பது எவ்வாறு அறியப்பட்டது? அவர்களிடம் கேட்கப்பட்டதா?

இதுவே நாம் முன்வைக்கும் அளவுகோல். கேட்டபின் ஒருவர் வேண்டாம் என்பாராயின் அது துறவு. கேளாமலே விட்டால் அது மறுப்பு. ஒரு பாடகர் தம் பெயரை இட வேண்டாம் என்பாராயின் அவ்விருப்பம் மதிக்கப்பட வேண்டும். அவரது மறுப்பும் பதிவுக்குரிய ஒரு செய்தியே. மாறாக, பெயர் கிடைக்கக்கூடியதாயிருந்தும் தேடப்படாத இடத்தில் 'அநாமதேய மரபு' என எழுதுதல் ஆய்வாகாது. மன்னார் நாடகங்களின் அடுத்த பதிப்புகள் ஏட்டை எழுதியவர், படியெடுத்தவர், அண்ணாவியார், பிற்பாட்டுக்காரர், மத்தளக்காரர் ஆகிய எல்லோரின் பெயர்களையும் தேடி முன்பக்கத்திலேயே தருதல் வேண்டும். புத்தளத்துக்கும் பிற நாடுகளுக்கும் சிதறியோரிடமும் இத்தேடல் செல்ல வேண்டும். பெயர் எவ்வகையாலும் கிடையாதவிடத்து, சங்கத் தொகையைத் தொகுத்தோர் காட்டிய வழி எமக்கு உண்டு.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். பெயர் தேடி இடுதல் முதலாளித்துவத் தனிமனித வாதத்தைக் கூத்துக்குள் புகுத்துவதாகாதா என்பர் சிலர். பெயர் இடுதல் வேறு, உடைமையாக்குதல் வேறு. ஊர் தன் அண்ணாவியாரைப் பெயர் சொல்லி அழைத்தது. அதனால் கூத்து அவர் உடைமையாகிவிடவில்லை. பெயரின்மையே பொதுமை என்று கொண்டால், சிப்பியை எண்ணி மனிதரை எண்ணாத சலாபக் கணக்கேடே மிகச் சிறந்த பொதுமை ஏடு என்றாகிவிடும்.

அவ்வாறாயின் ஸென் பயிற்சிக்கு எமது உலகில் இடம் எது? மிகப் பெரிய இடம் உண்டு. அது பெயர் பெற்றோர்க்குரிய பயிற்சி. மேடையிலே பொன்னாடை எதிர்பார்க்கும் அறிஞர்க்கும், தம் பெயர் முதலில் வரவில்லையென முகம் சுளிக்கும் பதிப்பாசிரியர்க்கும், தொகுத்தளித்த பாடலைத் தம் கண்டுபிடிப்பாகக் காட்டும் ஆய்வாளர்க்கும் அது உரியது. போதிதர்மர் கதையிலே பாடம் வேந்தனுக்குக் கூறப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. குயினெங்கின் கதையிலே ஐந்தாம் குரவர் தம் மேலாடையை நெல் குற்றியவனுக்கு அளித்தார் என்பதையும் மறத்தல் ஆகாது. அதிகாரம் உடையவன் தன் பெயரைத் தளர்த்திக் கொள்வதும், உழைத்தவனுக்குரிய பெயர் வழங்கப்படுவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். தொகுப்பாளர் அட்டையிலிருந்து ஒரு படி இறங்கினால்தான் பாடகர் அங்கே ஏற இடம் உண்டாகும்.

மன்னார்க் கரையில் அண்ணாவிமார் முதிர்ந்து வருகின்றனர். ஏடுகள் பல போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தன. எஞ்சியிருப்போரிடம் பாட்டைக் கேட்கச் செல்லும் எமது மாணவர், முதலில் அவர் பெயரைக் கேட்கட்டும்.